மூன்று குறி போட்ட பேண்டேஜ் துணி

எலினாவின் கல்யாண ரவிக்கையிலிருந்து ஒரு கொக்கி தெறித்தது. எல்லாம் அதில்தான் ஆரம்பம்.

சும்மா தெறிக்கவில்லை. ஜன்னல் கம்பியில் பட்டு, அங்கிருந்து திரும்பி, அடுக்களை மேடையில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைச் செம்பில் 'டங்' என்று அடித்துவிட்டுத்தான் கீழே விழுந்தது. இராஜபாளையம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த செங்கோட்டை வண்டி அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கிளம்பிப் போனது என்று பக்கத்து வீட்டு நூர்பானு இன்றைக்கும் சொல்வாள். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மை.

கிளாட்வின் சிரித்தான்.

ஒரு புருஷன் செய்யக்கூடாத காரியங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. பெண்டாட்டியின் ரவிக்கைக் கொக்கி தெறிக்கிற நேரத்தில் சிரிப்பது அதில் முதல் வரிசை. அதிலும் தொட்டிலில் கிடந்த பிள்ளை, அப்பன் சிரிப்பதைப் பார்த்துத் தானும் பொக்கை வாயைத் திறந்து சிரித்ததுதான் எலினாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சிரிக்கிய?"

"இல்லட்டி... அந்தக் கொக்கி போன வேகத்தைப் பாத்தேன். ராக்கெட்டு தோத்துரும்."

"இந்த வயித்துல ஒரு ஆளு பத்து மாசம் குடியிருந்துட்டுப் போயிருக்கான் அத்தான். காலி பண்ணின வீடு பழையபடி ஆக நாளாகும். உங்க வயித்துல யாரு குடியிருந்தா?"

"என் வயித்துல நான் யாரையும் குடிவைக்கலை. அதான் கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு!" என்று கிளாட்வின் சட்டையைத் தூக்கிக் காட்டினான். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதுதான் அவனுடைய பெருமை.

பிள்ளை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எலினாவின் அம்மா பரிபூரணம், பேறுகால மகளுக்கு நல்லெண்ணெயும் பூண்டும் நாட்டுக்கோழியுமாக ஊட்டி வளர்த்துத்தான் திருப்பி அனுப்பியிருந்தாள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம். அன்றைக்குக் கல்யாணப் பட்டுச் சேலையையே கட்டலாம் என்று ரவிக்கையைப் போட்டுப் பார்த்ததில் வந்த வினை இது.

கிளாட்வினுக்கு இன்னும் இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, உத்தியோகம். பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் சூப்பர்வைசர். உலகத்தில் எவன் எங்கே எந்த எலும்பை ஒடித்துக்கொண்டாலும், அதைச் சுற்றிக் கட்டுகிற துணி தன் கண் பார்த்து அனுப்பியது என்று அவன் மனதார நம்பினான். டிவியில் எந்த நாட்டுக்காரனாவது பந்து விளையாடி விழுந்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டிப் போனால், "நம்ம சரக்குதான்" என்று எழுந்து நின்றுவிடுவான்.

இன்னொன்று, குடும்பப் பேர். அண்ணன் கிளாட்சன். தங்கச்சி கிளாடிஸ். இவன் கிளாட்வின். அந்த வீட்டு வாசலில் நின்று "கிளாட்" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று தலை திரும்பும். பூனையும் சேர்ந்து திரும்பும். தன் மகனுக்கும் அவன் ஒரு பேர் செய்து வைத்திருந்தான். தன் பேரில் முன்பாதி, எலினா பேரில் நடுத்துண்டு. கிளாட்லின்.

"இது பிள்ளைக்குப் பேரா, சொறிக்குப் போடுத மருந்தா?" என்று முதல் நாளே எலினா கேட்டுவிட்டாள். "காலையில ஒருதரம், ராத்திரி ஒருதரம் தடவணும்னு டாக்டர் எழுதிக் குடுத்துருவாரு. என் பிள்ளைக்குப் பேரு பெனின்."

பெனின் என்று அவள் கூப்பிடுவாள். கிளாட்லின் என்று அவன் கூப்பிடுவான். ஏழு மாதமாகப் பிள்ளை இரண்டுக்கும் திரும்பாமல் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானத்தன்று போதகர் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு "என்ன பேர்?" என்று கேட்பார். அப்போது இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொல்ல முடியாது.

கொக்கி தெறித்த அன்றைக்குத்தான் கிளாட்வின் மூளையில் அந்த யோசனையும் தெறித்தது.

"ஏட்டி, ஒரு பந்தயம் வச்சுக்குவோமா? ஞானஸ்நானத்துக்குள்ள நீ இடுப்பைக் குறைச்சிட்டேன்னா, பிள்ளைக்கு உன் பேரு. குறையலேன்னா என் பேரு."

எலினா குனிந்தாள். கீழே கிடந்த கொக்கியைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மாடிப்படி ஏறினா எனக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யுது. நடக்கலாம்னு டாக்டரம்மாவும் சொன்னாவ. சரி, குறைக்கேன். ஆனா எனக்கு மட்டும் அளவு, உங்களுக்கு இல்லையா? உங்க இடுப்பு ஏறக் கூடாது. ஏறினா நீங்க தோத்திய."

கிளாட்வின் விழுந்து விழுந்து சிரித்தான். "என் இடுப்பா? ஏறுறதா? ஏட்டி, எங்க பரம்பரையிலேயே ஏறினது கிடையாது. எங்கப்பாவைப் பக்கவாட்டுல நிக்க வச்சு போட்டோ எடுத்தா, போட்டோவுல செவரு மட்டுந்தான் விழும்."

"அப்ப சரி. ரெண்டு பேரும் தோத்துட்டா?"

"அதெப்படி ரெண்டு பேரும் தோப்போம்?"

"ஒரு பேச்சுக்குத்தான். ரெண்டு பேரும் தோத்தா, பெத்தவ சொல்லுத பேரு. என்ன சொல்லுதிய?"

நடக்காத காரியத்துக்கு எதை எழுதிக் கொடுத்தால்தான் என்ன? கிளாட்வின் தாராளமாகத் தலையை ஆட்டினான்.

அளக்க நூர்பானு வந்தாள். வீட்டிலேயே மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறவள்; இந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாத இடுப்பளவு கிடையாது. கழுத்தில் டேப்போடுதான் வந்தாள். கிளாட்வின் கையை நீட்டித் தடுத்தான்.

"டேப்பெல்லாம் வேண்டாம் பானு. இழுத்துப் பிடிச்சா ஒண்ணு காட்டும், விட்டுப் பிடிச்சா ஒண்ணு காட்டும். நம்ம துணி பொய் சொல்லாது."

மில்லிலிருந்து கொண்டுவந்த துணி ஒன்று அவன் கையில் இருந்தது. தறியிலிருந்து நேராக இறங்கிய, இன்னும் வெளுக்காத கோராத் துணி. விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, நூர்பானு கையில் கொடுத்தான். அவள் எலினாவின் இடுப்பில் சுற்றி, மில்லில் துணிப் பேல்களின் மேல் எழுதுகிற அழியாத மார்க்கரால் சிவப்பில் ஒரு குறி போட்டாள். அதற்கு உள்ளே நாலு விரற்கடை தள்ளி நீலத்தில் ஒரு குறி. எலினா குறைந்து அந்த நீலத்துக்கு வரவேண்டும். பிறகு கிளாட்வின் இடுப்பில் ஒரு சுற்று. கறுப்பில் ஒரு குறி. அவன் அதைத் தாண்டக் கூடாது.

"எனக்கு வேற துணி கிழிச்சுக்கிடலாமே," என்றான் கிளாட்வின்.

"எதுக்கு வீணாக்கணும்? புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே துணி போதும்," என்றாள் எலினா.

"பாரு பானு, எம்புட்டு சிக்கனம்!" என்று கிளாட்வின் பூரித்துப் போனான். துணி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய், அலமாரித் தலையில் ஏறி உட்கார்ந்தது.

இனி கிளாட்வினின் உள்மனசுக்கு வருவோம். எலினாவால் முடியாது என்பது அவன் கணக்கு. காரணம், பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். தாய்ப்பாலுக்கு அடுத்து அவள் நாக்கு கண்டது பால்கோவாதான். இருந்தாலும் சும்மா விட்டுவிடுகிற ஆளா கிளாட்வின்? சனிக்கிழமை மத்தியானமே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். சூடு ஆறாத பால்கோவா ஒரு பெரிய டப்பா வாங்கிக்கொண்டு வந்து வீட்டு மேஜையில் வைத்தான்.

"உங்கம்மா குடுத்து விட்டாவ. பேரனைப் பெத்தவ எளைச்சுறக் கூடாதாம்."

"அப்படியா? எங்கம்மாவா?"

"பின்னே? நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவிய கேட்டாத்தானே!"

எலினா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் டப்பா காலி, கழுவிக் கவிழ்த்தாயிற்று. கிளாட்வின் மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை டப்பா இன்னும் கொஞ்சம் பெரிசானது.

இதற்கு நடுவில் மாடி வீட்டுச் சொந்தக்காரர் சுப்பராஜா குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். கேட்டதும், அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கிளாட்வின் மாடிக்கு ஓடிவிட்டான். மில் சரக்கில் உயர்ந்த ரகமான இழுபடுகிற கிரேப் பேண்டேஜை எடுத்து, கணுக்காலில் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் சுற்றினான். அதோடு விட்டிருக்கலாம். கட்டு அவ்வளவு அழகாக வந்திருந்ததால், நல்ல காலிலும் கொஞ்சம் சுற்றினான்.

"ஏமிப்பா கிளாட்வின், வலி ஒரு கால்லதான்ப்பா!" என்று அவர் தெலுங்கு கலந்து அலறினார்.

"அதுக்குத் துணைக்கு இது ராஜா சார். ஈஸ்டர் வரைக்கும் காலைக் கீழ வைக்கப்படாது. நான் சொல்லுதேன்ல?"

"தேவுடா! அப்ப மேஜரை யாரு நடக்கக் கூட்டிட்டுப் போறது?"

மேஜர் என்பது அவருடைய நாய். அசல் இராஜபாளையம் வெள்ளை. மூக்கு ரோஸ். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். காலையில் ஒரு நடை போகாவிட்டால் வீட்டுச் சோபாவைத் தின்றுவிடும். பாதி சோபா ஏற்கெனவே தின்றாயிற்று.

"நான் கூட்டிட்டுப் போறேன் சார்," என்றாள் எலினா.

கிளாட்வின் தடுக்கவில்லை. நடந்தால் பசிக்கும், பசித்தால் பால்கோவா அதிகமாக இறங்கும் என்று உள்ளுக்குள்ளே கை தட்டினான். ஆனால் மேஜர் நடக்கிற சாதி இல்லை. தெருமுனை வரைக்கும் எலினா மேஜரைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்து மேஜர் எலினாவைக் கூட்டிக்கொண்டு போனது. முதல் நாள் ஒரு பூனையைப் பார்த்துவிட்டுச் சஞ்சீவி மலை அடிவாரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வழியில் டவுன் பஸ் ஒன்றை இருவரும் முந்தியதாகவும், டிரைவர் எட்டிப் பார்த்து, "யக்கா, ஏறிக்கோங்க" என்று கேட்டதாகவும், "எங்களுக்கு அவசரம்ப்பா" என்று எலினா சொல்லிவிட்டதாகவும் பேச்சு. பஸ்ஸில் இருந்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலமும் ரம்ஜான் நோன்பும் சேர்ந்தே வந்தன. நூர்பானு வீட்டில் நோன்பு. எலினாவோ, லெந்து முடிகிற வரைக்கும் இனிப்பைத் தொடுவதில்லை என்று சர்ச்சில் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது கிளாட்வினுக்குத் தெரியாது. லெந்து ஆரம்பிக்கிற சாம்பல் புதனன்று அவன் சர்ச்சுக்குப் போகவில்லை, டிவியில் கிரிக்கெட். இப்படியாக, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் விரதம், அந்தப் பக்கமும் விரதம். நடுவில் ஒரே ஒரு வயிறு.

சாயங்காலம் ஆனால் நூர்பானு வீட்டிலிருந்து தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி வரும். கூட வடை. "அண்ணனுக்கு" என்று சொல்லித்தான் வரும். இந்தப் பக்கம் எலினாவின் சமையலோ நாளுக்கு நாள் தெய்வீகமாகிக்கொண்டு போனது. காலையில் திக்காக ஒரு காபி. டிபன் கேரியரில் போளி. ராத்திரி ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ள ஒரு பால். அப்படி ஒரு பாலை எந்தத் தேங்காயும் இதுவரை கொடுத்ததில்லை.

"ஏட்டி, உன் கைப்பக்குவம் ஏறிக்கிட்டே போகுதே!"

"எல்லாம் ஏறத்தான் செய்யும் அத்தான். இன்னொண்ணு வைக்கட்டுமா?"

பேண்ட் கொஞ்சம் பிடித்தது. கிளாட்வின் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூடக் கவலைப்படவில்லை. துணி என்றால் சுருங்கும். துணியைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? சட்டையும் பிடித்தது. அதுவும் துணிதானே. பெல்ட்டும் பிடித்தபோது மட்டும் சற்று நேரம் யோசித்தான். பிறகு, தோல் என்றாலும் மாட்டுத் தோல், வெயிலில் சுருங்காதா என்று சமாதானம் ஆகிவிட்டான்.

ஆனால் ஒரு காலைநேரம், மேஜரோடு திரும்பி வந்த எலினா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவதை அவன் பார்த்தான். முகத்தில் ஒரு பளபளப்பு. மூச்சு வாங்கவில்லை. நாயை மேலே விட்டுவிட்டு இறங்கி வந்து, குனிந்து, பிள்ளையை ஒற்றைக் கையால் வாரித் தூக்கி இடுப்பில் வைத்தாள். 'நம்ம பெண்டாட்டி!' என்று ஒரு பெருமை வந்தது. பின்னாலேயே 'நம்ம கிளாட்லின்!' என்று ஒரு பயமும் வந்தது.

பயம்தான் ஜெயித்தது.

மறுநாள் மேஜர் அவளை இழுத்துக்கொண்டு தெருமுனை தாண்டியதும் கிளாட்வின் அலமாரித் தலையிலிருந்து டப்பாவை இறக்கினான். அந்தக் குறி போட்ட துணியை வாளியில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினான். வெளுக்காத கோராத் துணி முதல் தண்ணீரைக் கண்டால் எப்படிச் சுருங்கும் என்பது மில்லில் கூட்டுகிறவருக்கும் தெரியும். அழியாத மை அப்படியே நின்றது. குறிகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்து நெருங்கி உட்கார்ந்தன. நீலக் குறி இப்போது எலினாவுக்கு எட்டாத தூரம். கொடியில் பிள்ளையின் அரைத்துணிகளுக்கு நடுவே அதையும் தொங்கவிட்டான். வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்துவிட்டது. என்ன மூளை! தன் முதுகில் தானே தட்டிக்கொடுக்கக் கை எட்டாததுதான் குறை.

அதற்குள் பிள்ளை அழுதது. பிறகு மில்லிலிருந்து போன். சாயங்காலம் வந்து ஞாபகம் வந்து கொடிக்கு ஓடினால், கொடி காலி. டப்பாவைத் திறந்தான். துணி ஒழுங்காக மடிந்து உள்ளே கிடந்தது.

'நம்மளே எடுத்து வச்சிட்டோம் போல,' என்று நினைத்துக்கொண்டான். கெட்டிக்காரர்களுக்கு இப்படித்தான், கை தானாகவே வேலையை முடித்துவிடும்.

நோன்பு முடிந்து பெருநாள் பிரியாணி வந்தது. லெந்து முடிந்து ஈஸ்டரும் போனது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, கழுத்தில் டேப்போடு நூர்பானு வந்து நின்றாள். மாடியிலிருந்து சுப்பராஜா கட்டோடு எட்டிப் பார்த்தார். மேஜரும் எட்டிப் பார்த்தது.

"டேப்பு வேண்டாம்! பந்தயத்துக் குறி துணியிலதான்!" என்று கிளாட்வின் டப்பாவை நீட்டினான்.

நூர்பானு துணியை எலினாவின் இடுப்பில் சுற்றினாள். இழுத்தாள். எலினா மூச்சைக்கூடப் பிடிக்கவில்லை, நேராக நின்றாள். நுனி நீலக் குறியைத் தொட இன்னும் இரண்டு விரல் பாக்கி.

"தோத்துட்டே!" கிளாட்வின் துள்ளிக் குதித்தான். வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் ஒரு தரம் ஆடி அடங்கின. "பரவால்லட்டி, நீயும் பாடுபட்டே. மேஜரும் பாடுபட்டான். ஆனா பந்தயம் பந்தயம்தான். ஏலே கிளாட்லின்! வால, அப்பாட்ட வா!"

பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு அவன் வயிற்றைப் பார்த்தது.

"செத்த நேரம் பொறுங்க அத்தான்," என்றாள் எலினா. "உங்க அளவு யாரு பாக்க?"

"என்னுதா? அதைப் பாக்கணுமாக்கும்?"

"பந்தயம் பந்தயம்தானே அண்ணே," என்று நூர்பானு துணியோடு வந்தாள்.

சுற்றினாள். துணி முதுகைச் சுற்றி வந்தது. விலாவைச் சுற்றி வந்தது. தொப்புளுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. கறுப்புக் குறி தொப்புளுக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கத்தை ஏக்கத்தோடு பார்த்தது. நடுவில் ஒரு சாண்.

"மூச்சை இழுங்க அண்ணே."

இழுத்தான்.

"இன்னும் இழுங்க."

"இதுக்கு மேல இழுத்தா உசுரு வந்துரும் பானு!"

"உசுரு வந்தாலும் துணி வராது," என்று நூர்பானு கையை விட்டாள்.

"ஆக ரெண்டு பேரும் தோத்தாச்சு," என்றாள் எலினா. "அப்ப பெத்தவ சொல்லுத பேரு."

கிளாட்வினுக்குக் கண்ணைக் கட்டியது. ஒரு பரம்பரையே அவன் கண் முன்னால் நிலைகுலைந்தது. வாய் அவனைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"செல்லாது! செல்லாது! இந்தத் துணி சுருங்கிப் போச்சு! சுருங்கின துணியில அளந்தா எப்படிச் சரியா வரும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது.

"எது சுருங்குச்சு?" எலினா இடுப்பில் கை வைத்தாள். "பொய் சொல்லாத துணியா? அது எப்படிச் சுருங்கும்? யாராவது கொதிக்கிற தண்ணியில போட்டாத்தானே சுருங்கும்?"

மாடியில் சுப்பராஜா 'க்ளுக்' என்றார்.

"உங்க மில் துணியிலதான் பிள்ளைக்கு அரைத்துணி கிழிச்சோம் அத்தான். தண்ணியில போட்டா எம்புட்டு சுருங்கும்னு ஏழு மாசமா துவைக்கிறவளுக்குத் தெரியாதா? கொடியில காயப்போட்டியளே, எடுத்து மடிக்கிறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியளா? சிவப்பும் நீலமும் கறுப்புமா ஒரு அரைத்துணியைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. மடிச்சு உங்க டப்பாவுலயே வச்சேன்."

"அப்ப... அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கா? கோராத் துணியைக் கையில பிடிச்சிட்டு நின்னியளே, அப்பவே தெரியும். அதான் ஒரே துணியில ரெண்டு பேருக்கும் குறி போடச் சொன்னேன். எனக்குச் சுருங்கினா உங்களுக்கும் சுருங்கும்ல?"

கிளாட்வின் நாற்காலியைத் தேடினான்.

"சரி, துணி செல்லாதுன்னு நீங்களே சொல்லிட்டிய. பானு, டேப்பை எடு. துணி டப்பாவுக்குள்ள போகுமுன்னே குறி மூணையும் நீ டேப்புல அளந்து குறிச்சு வச்சேல்லா?"

நூர்பானு டேப்பைச் சுற்றினாள். எலினா நீலக் குறியைத் தாண்டி இன்னும் ஒரு விரல் உள்ளே போயிருந்தாள். கிளாட்வின் டேப்பிலும் வெளியேதான் நின்றான். சாணுக்குப் பதில் முக்கால் சாண், அவ்வளவுதான் வித்தியாசம். துணிப்படி பார்த்தாலும் பெனின். டேப்புப்படி பார்த்தாலும் பெனின்.

"அது எப்படிட்டி நான் ஏறினேன்? பால்கோவா முழுக்க நீதானே தின்னே!"

"நானா? லெந்துல நான் இனிப்பைத் தொடலையே. உங்க காபி ஏன் திக்கா இருந்துச்சு? போளிக்குள்ள என்ன இருந்துச்சு? ஆப்பத்துக்கு ஊத்தினது என்ன பாலு?"

கிளாட்வின் தின்றதையெல்லாம் மனசுக்குள் திரும்ப ஒரு தரம் தின்று பார்த்தான். எல்லாம் ஒரே ருசி.

"அதுவும், எங்கம்மா குடுத்து விட்டாவன்னு சொன்னியளே! நான் அன்னைக்கே போன் பண்ணினேன். 'மருமவன் இந்தப் பக்கமே வரலையேடி'ங்கா. பெத்தவ பேரைச் சொல்லிக் கொண்டாந்ததை வீணாக்கலாமா? அதான் கொண்டாந்த ஆளுக்கே போட்டேன்." அவள் கிட்டே வந்து அவன் வயிற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "இப்பச் சொல்லுங்க. இங்க யாரு குடியிருக்கா?"

மறுநாள் காலை. எலினா கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தாள். ரவிக்கையில் எல்லாக் கொக்கியும் அதனதன் இடத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பைப் பார்த்தபோது, கிளாட்வினுக்குத் தோற்றது மறந்துபோனது. இந்தப் பெண்ணைத்தான் நாம் கட்டியிருக்கிறோம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போல நெஞ்சு விம்மியது.

விம்மியிருக்கக் கூடாது. கல்யாணக் கோட்டுசூட்டில் இருந்தான். பேண்ட் பித்தான் தெறித்தது. ஜன்னல் கம்பியில் பட்டு, திரும்பி, அடுக்களைச் செம்பில் 'டங்' என்று அடித்தது.

எலினா சிரிக்கவில்லை. அதுதான் அவளுடைய பெருந்தன்மை. பிள்ளைதான் சிரித்தது.

அவள் டப்பாவைத் திறந்து, அந்த மூன்று குறி போட்ட துணியை எடுத்தாள். பேண்ட்டின் முன்பக்கத்து இரண்டு பெல்ட் வளையங்களிலும் கோத்து, இழுத்து ஒரு முடிச்சுப் போட்டு, மேலே கோட்டை மூடிவிட்டாள்.

"நல்லா தாங்கும் அத்தான். உங்க சரக்குல்லா? பெரிசா மூச்சு மட்டும் விட்றாதிய."

சர்ச் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மடவார் வளாகத்திலிருந்து வந்த பரிபூரணம். கடைசி வரிசையில் முக்காட்டோடு நூர்பானு. போதகர் பிள்ளையைக் கையில் வாங்கினார். தண்ணீரைத் தொட்டார். தகப்பனைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன பேர்? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாச் சொல்லுங்க."

கிளாட்வின் மூச்சை இழுத்தான். கோட்டுக்குள்ளே முடிச்சு ஒரு தரம் முனகியது. இழுத்த மூச்சை அப்படியே பாதியில் நிறுத்தி, கொசு பாடுகிற மாதிரி ஒரு குரலில் சொன்னான்.

"பெனின்."

பரிபூரணம் மகள் பக்கம் சாய்ந்தாள். "ஏட்டி, மருமவன் குரல் ஏன் இம்புட்டு மெலிஞ்சு கெடக்கு?"

"இந்த லெந்துல அவியளுக்கு மெலிஞ்சது அது ஒண்ணுதாம்மா," என்றாள் எலினா.